இரண்டு கண்களும் ஒத்துப்போகாத பிள்ளைகளுக்குப் பார்வைப் பயிற்சி: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஆள்காட்டி விரலைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, அதையே பார்த்தபடி மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். விரல் நெருங்க நெருங்க இரண்டு கண்களும் உள்பக்கம் திரும்புவதை உணரலாம். ஒரு கட்டத்தில் விரல் இரண்டாகப் பிரியும். கண்கள் நன்றாக ஒத்துழைப்பவர்களுக்கு அது மூக்குக்கு வெகு அருகில், ஐந்தாறு சென்டிமீட்டருக்குள்தான் நடக்கும். சில பிள்ளைகளுக்கு 15 அல்லது 20 சென்டிமீட்டரிலேயே நடந்துவிடுகிறது. புத்தகம் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே அவர்களுடைய எல்லை முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்தையும் அந்த விளிம்பில் நின்றுதான் படிக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளைச் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னால் கடைசி வரி வரை சரளமாகப் படித்துவிடுவார்கள். 6/6, அதாவது இயல்பான பார்வை, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று பரிசோதிப்பவர்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த அட்டை தூரத்தில் இருக்கிறது, அதை ஒரு கண்ணை மூடித்தான் படிக்கிறோம். கிட்டத்தில், இரண்டு கண்களும் சேர்ந்து வேலை செய்யும்போது வரும் சிக்கல் அதில் எப்படித் தெரியும்?

இந்தச் சிக்கலுக்குத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்றுதான் பார்வைப் பயிற்சி. பலர் விஷன் தெரபி என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரில் ஆய்வுகளால் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையும் நடக்கிறது, ஆதாரமே இல்லாத வியாபாரமும் நடக்கிறது. சரியான பிரச்சினையைக் கண்டுபிடித்து, அளந்து பார்த்துச் செய்தால் இது நல்ல சிகிச்சை. எதற்கென்றே தெரியாமல் செய்தால் பணமும் பிள்ளையின் மாலை நேரமும்தான் வீண்.

முதல் படி: பிள்ளையைக் கவனியுங்கள், கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

"கண் வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். பிறந்ததிலிருந்து எழுத்து அப்படித்தான் தெரிகிறது என்றால், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதனால் குறிப்பாகக் கேளுங்கள். படிக்கும்போது எழுத்து நகர்கிறதா, மிதக்கிறதா? ஒரு சொல் சில சமயம் இரண்டாகத் தெரிகிறதா? ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறதா? புத்தகத்திலிருந்து கரும்பலகையைப் பார்த்தால் தெளிவாகத் தெரிய நேரம் ஆகிறதா?

நீங்களாகவே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவையும் உண்டு. படிக்க உட்கார்ந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைவலி என்று எழுந்துவிடுவது, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எழுதுவது, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வது, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பது, களைப்பாக இருக்கும்போது ஒரு கண் லேசாக வெளிப்பக்கம் நழுவுவது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிப்பது இவற்றில் முக்கியமான தடயம். இரண்டு கண்களையும் சேர்ப்பது கஷ்டமாக இருப்பதால், ஒன்றை மூடிப் பிள்ளை தானாகவே ஒரு தீர்வு கண்டுபிடித்திருக்கிறது.

இதற்காகவே 15 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் மருத்துவமனைகளில் புழக்கத்தில் உள்ளது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். பிள்ளைகளுக்கு மொத்தம் 16 அல்லது அதற்கு மேல் வந்தால் தொந்தரவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அன்றைய மனநிலையைப் பொறுத்துப் பிள்ளைகளின் பதில் மாறும். படிப்பில் சலிப்புள்ள பிள்ளையும் இதே பதில்களைத் தரலாம். ஆகவே பரிசோதனைக்குப் போகலாமா என்று முடிவு செய்ய மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நோய் இன்னதென்று இது சொல்லாது.

இரண்டாம் படி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சில அறிகுறிகளுக்குப் பயிற்சியைப் பற்றிப் பேசவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேற்று வரை நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று எல்லாமே இரண்டாகத் தெரிவது, புதிதாக மாறுகண் தோன்றுவது, காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும், இமை தொங்குவது, இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லாமல் போவது, தலையில் அடிபட்ட பிறகு வரும் பார்வைக் குழப்பம். இவை நரம்பு அல்லது மூளை சார்ந்த கோளாறின் அடையாளமாக இருக்கலாம். கண்மணியில், குறிப்பாக ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில், வெண்மையான ஒளி தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். விழித்திரைப் புற்றுநோய்க்கும் கண்புரைக்கும் அதுவே முதல் அறிகுறியாக இருப்பதுண்டு.

கைக்குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது விலகுவது இயல்புதான். நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகினால், அல்லது எந்நேரமும் விலகியே இருந்தால், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் படி: முழுப் பரிசோதனை என்றால் முழுப் பரிசோதனை

பயிற்சி மையத்துக்கு நேராகப் போவதற்கு முன்னால், குழந்தைகளின் கண்ணைப் பார்த்துப் பழகிய ஒரு கண் மருத்துவரிடமோ, பார்வையைப் பரிசோதிக்கப் பயின்ற ஆப்டோமெட்ரிஸ்டிடமோ முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாறுகண், இருவிழிப் பார்வை ஆகியவற்றுக்கென்றே பயிற்சி பெற்ற ஆர்த்தாப்டிஸ்ட்கள் சில மருத்துவமனைகளில் இருப்பார்கள். இருந்தால் நல்லது.

முதலில் கண்ணாடி பவர். அதைச் சொட்டு மருந்து விட்டுத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் கண்ணுக்கு ஃபோகஸ் செய்யும் சக்தி அதிகம். தூரப்பார்வைக் குறை (கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாத குறை) இருந்தாலும் அந்தச் சக்தியைச் செலவழித்துச் சமாளித்துக்கொள்வார்கள், அட்டையையும் படித்துவிடுவார்கள். சொட்டு மருந்து ஃபோகஸ் செய்யும் தசையைச் சிறிது நேரம் ஓய்வில் வைக்கும்போதுதான் உண்மையான பவர் வெளியே வரும். அன்று முழுவதும் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். மறுநாள் தேர்வு இருந்தால் வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பவரைச் சரிசெய்தாலே தொந்தரவு போய்விடும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குப் பயிற்சியே வேண்டியிருக்காது.

அப்புறம் இரு கண்களின் ஒத்துழைப்பைப் பார்க்கும் சோதனைகள். ஒரு கண்ணை மூடித் திறந்து, மற்றக் கண் நகர்கிறதா என்று பார்ப்பது ஒன்று. இதைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பொருளை மூக்கருகே கொண்டுவந்து எங்கே இரண்டாகிறது, திரும்பக் கொண்டுபோனால் எங்கே ஒன்றாகிறது என்று அளப்பது இன்னொன்று. முதல் தடவை நன்றாகச் செய்துவிட்டு நான்காவது ஐந்தாவது தடவையில் தோற்கும் பிள்ளைகள் உண்டு என்பதால் இதைப் பல தடவை செய்து பார்ப்பது நல்லது. ஒளியை வளைக்கும் பிரிசம் கண்ணாடிப் பட்டையைக் கண் முன்னே நகர்த்தி, படத்தை ஒன்றாகவே வைத்திருக்கக் கண்ணுக்கு எவ்வளவு இருப்புச் சக்தி இருக்கிறது என்றும் அளப்பார்கள். ஃபோகஸ் செய்யும் திறன், அதை வேகமாக மாற்றும் திறன், ஆழத்தை உணரும் முப்பரிமாணப் பார்வை ஆகியவையும் உண்டு. கடைசியாகக் கண்ணின் உட்புறம், விழித்திரை, பார்வை நரம்பு.

முடிந்ததும் எல்லா எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "கண் கொஞ்சம் வீக், தெரபி கொடுக்கலாம்" என்று வாயால் சொல்வது போதாது. மூன்று மாதம் கழித்து முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்க இன்றைய எண் கையில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: அறிக்கையில் என்ன பெயர் இருக்கிறது?

ஒத்துழைப்புக் குறை என்பது ஒரே நோய் அல்ல. வகைக்கு வகை சிகிச்சை மாறும், சில சமயம் நேர்எதிராகவே மாறும்.

பயிற்சிக்கு மிக நன்றாகக் கட்டுப்படுவது குவிதல் குறைபாடு. அறிக்கையில் கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி என்று இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் போதுமான அளவு உள்பக்கம் திரும்புவதில்லை. இதை முடிவு செய்ய மூன்று அடையாளங்களைப் பார்க்கிறார்கள். பொருள் இரண்டாகும் இடம் 6 சென்டிமீட்டர் அல்லது அதற்கு அப்பால் இருக்கும். கண்கள் வெளிப்பக்கம் விலக முனையும் அளவு, தூரத்தை விடக் கிட்டத்தில் குறைந்தது 4 பிரிசம் டயாப்டர் (கண் விலகலை அளக்கும் அலகு) அதிகமாக இருக்கும். உள்பக்கம் திருப்பும் இருப்புச் சக்தி குறைவாக இருக்கும். இருப்புக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: விலகல் எவ்வளவோ அதைப் போல இரண்டு மடங்காவது இருப்பு இருக்க வேண்டும். விலகல் 8 என்றால் இருப்பு 16. ஒரே ஓர் அடையாளம் மட்டும் இருந்து, பிள்ளைக்குத் தொந்தரவும் இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது குவிதல் மிகைப்பு. கண்கள் கிட்டத்தில் தேவைக்கு மேல் உள்ளே வருகின்றன. இதற்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் கண்ணாடிதான், கிட்டப் பார்வைக்குக் கூடுதல் பவர் வைத்தது. இந்தப் பிள்ளைக்கு யாரோ சொன்னார்கள் என்று பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பார்க்கும் பென்சில் பயிற்சியைக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். ஃபோகஸ் தசை இறுகிப்போய்த் தளர மறுக்கும் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீடியோ பார்த்து வீட்டில் கண் பயிற்சி தொடங்குவதை நான் ஏற்காததற்கு முக்கியக் காரணம் இதுதான். அறிகுறி ஒன்றுபோல இருக்கும், தலைவலி என்றுதான் இரண்டு பிள்ளைகளும் சொல்வார்கள்.

அவ்வப்போது ஒரு கண் வெளியே ஓடும் மாறுகண் உள்ளவர்களில் சிலருக்குக் கண்ணாடி போதும், சிலருக்குக் கண்ணை மறைத்தல், சிலருக்கு அறுவை சிகிச்சை. சிறு வயதில் தூரப்பார்வைக் குறையால் கண் உள்ளே திரும்பினால் முழுப் பவர் கண்ணாடிதான் மருந்து. போட்டதும் கண் நேராகும், கழற்றினால் திரும்பவும் உள்ளே போகும். இதைப் பார்த்து, கண்ணாடி கண்ணைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. கண்ணாடி தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

சோம்பேறிக் கண், அதாவது மூளை சரியாகப் பயன்படுத்தாததால் ஒரு கண்ணின் பார்வை வளராமல் போவது, தனிக் கதை. அங்கே முதலில் கண்ணாடி, அது போதாதபோது நல்ல கண்ணைப் பட்டை ஒட்டி மறைப்பது அல்லது அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கவைக்கும் அட்ரோபின் சொட்டு. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் செய்து 2003-ல் வெளியான ஆய்வில், மிதமான சோம்பேறிக் கண்ணுக்கு நாளுக்கு 2 மணி நேரம் மறைத்ததும் 6 மணி நேரம் மறைத்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பட்டை ஒட்டுவதற்குப் பதில் கண் பயிற்சி போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கண்ணுக்கு வயது முக்கியம், வீணாகும் மாதங்கள் திரும்ப வராது.

ஐந்தாம் படி: எங்கே, எப்படிப்பட்ட பயிற்சி?

குவிதல் குறைபாடு என்று உறுதியான பிள்ளைகளுக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து 12 வாரம் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழு வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு குழு வீட்டில் கம்ப்யூட்டர் பயிற்சியும் பென்சில் பயிற்சியும் செய்தது. இன்னொரு குழு வாரம் ஒரு முறை மையத்துக்குப் போய்ச் சிகிச்சையாளர் முன்னிலையில் ஒரு மணி நேரமும், வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் 15 நிமிடமும் செய்தது. கடைசிக் குழுவும் மையத்துக்குப் போனது, ஆனால் அதற்குத் தரப்பட்டவை பயிற்சி போலத் தோன்றும் வெற்றுப் பயிற்சிகள். குணமானவர்களும் நன்றாக முன்னேறியவர்களும் சேர்த்து மையப் பயிற்சிக் குழுவில் 73 சதவீதம். பென்சில் மட்டும் செய்தவர்களில் 43, கம்ப்யூட்டர் குழுவில் 33, வெற்றுப் பயிற்சிக் குழுவில் 35.

இந்த எண்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒன்றுமே செய்யாத பயிற்சியிலும் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள். "எங்களிடம் வந்த பிள்ளைகள் எவ்வளவு பேருக்குச் சரியானது பாருங்கள்" என்று காட்டப்படும் அனுபவக் கதைகளை நம்பி முடிவெடுக்க முடியாததற்கு இதுவே காரணம். அதே சமயம், முறையான மையப் பயிற்சியின் பலன் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கம்ப்யூட்டர் மென்பொருளை மட்டும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கும் இந்த ஆய்வு ஊக்கம் தரவில்லை.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் சில. என் பிள்ளைக்கு என்ன நோய், எந்த எண்ணை வைத்துச் சொல்கிறீர்கள்? எத்தனை வாரம்? எப்போது மறுபடி அளப்பீர்கள்? 12 வாரத்தில் எண் மாறாவிட்டால் என்ன செய்வீர்கள்? பயிற்சி தருபவர் ஒவ்வொரு முறையும் கூட இருப்பாரா, அல்லது பிள்ளையைத் திரை முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும். ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கும் இடத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மையம் எட்டாத தூரத்தில் இருந்தாலோ கட்டணம் கட்டுப்படியாகாவிட்டாலோ வீட்டுப் பயிற்சி வீண் என்று அர்த்தமல்ல. பென்சில் பயிற்சிக்குச் செலவே இல்லை. பல மருத்துவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பரிசோதித்தவர் சொல்லித்தந்தபடி செய்து, மாதம் ஒரு முறையாவது காட்டி அளந்துகொண்டால் அது நியாயமான ஆரம்பம்தான். வெறும் பிரிசம் கண்ணாடி போட்டுப் படித்தால் போதுமா என்றும் சிலர் கேட்பார்கள். குவிதல் குறைபாடுள்ள பிள்ளைகளிடம் 2005-ல் வெளியான ஆய்வில், படிப்பதற்கான பிரிசம் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியை விட எந்த விதத்திலும் மேலாக இருக்கவில்லை.

ஆறாம் படி: வீட்டில் செய்யும் பயிற்சிகள்

கீழே உள்ளவை குவிதல் குறைபாடு என்று பரிசோதித்து உறுதி செய்யப்பட்ட, பயிற்சி செய்யும்படி சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும். கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

பென்சில் பயிற்சி. பென்சிலின் நுனிக்கு அருகே ஒரு சிறிய எழுத்தை ஒட்டுங்கள். வெறும் பென்சிலைப் பார்த்தால் கண் சும்மா மேயும், எழுத்து இருந்தால் அதைத் தெளிவாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் வரும். பிள்ளையின் முன்னால் ஆறேழு அடி தூரத்தில் சுவரில் ஒரு சிறிய அட்டையை ஒட்டுங்கள். பென்சிலைக் கை நீட்டிய தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடிக்க வேண்டும். எழுத்தைப் பார்க்கும்போது பின்னால் உள்ள அட்டை இரண்டாகத் தெரியும். தெரிய வேண்டும். அட்டை ஒன்றாகவே தெரிகிறது என்று பிள்ளை சொன்னால், மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிட்டது. அப்போது நிறுத்தி, கண்ணைச் சிமிட்டி, மறுபடி தொடங்க வேண்டும். இனி பென்சிலை மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவரலாம். எழுத்து இரண்டாகும் இடத்தில் நிறுத்தி, முயன்று ஒன்றாக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இன்னும் நெருங்கலாம். முடியாவிட்டால் சற்றுப் பின்னால் கொண்டுபோய் ஒன்றாக்கிவிட்டுத் தொடரலாம். இதற்கு முந்தைய ஓர் ஆய்வில் தந்த அளவு, நாளுக்கு 20 தடவை வீதம் மூன்று சுற்று, வாரத்தில் ஐந்து நாள்.

நீங்கள் எதிரே, பிள்ளையின் கண் மட்டத்தில் உட்காருங்கள். எழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது என்று பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண் வெளியே நழுவிவிடலாம். அந்த இடத்தில் குவிதல் உடைந்துவிட்டது. பிள்ளை பொய் சொல்லவில்லை, மூளை ஒரு படத்தை அணைத்துவிட்டதால் உண்மையிலேயே ஒன்றுதான் தெரிகிறது. இதை யாரும் பார்க்காமல் பிள்ளை தனியாக உட்கார்ந்து செய்தால், அறுபது தடவையும் தப்பாகவே நடந்திருக்கக்கூடும்.

மணிக் கயிறு. இதற்கு ப்ராக் கயிறு என்று பெயர், ஃபிரடெரிக் ப்ராக் என்ற ஆப்டோமெட்ரிஸ்டின் பெயரால் வந்தது. சுமார் 3 மீட்டர் வெள்ளைக் கயிற்றில் வெவ்வேறு நிறத்தில் மூன்று மணிகள். என்னைக் கேட்டால், இந்தச் சிகிச்சையின் மிகப் புத்திசாலித்தனமான கருவி இதுதான், ஏனென்றால் கண் எங்கே பார்க்கிறது என்பதைப் பிள்ளைக்கே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கயிற்றின் ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை விறைப்பாக இழுத்து மூக்கு நுனியில் வைக்க வேண்டும். முதல் மணியை 40 சென்டிமீட்டர் வாக்கிலும், இரண்டாவதை நடுவிலும், மூன்றாவதைக் கடைசியிலும் வைக்கலாம். ஒரு மணியைப் பார்த்தால் அது ஒன்றாகவும் மற்ற இரண்டும் இரட்டையாகவும் தெரியும். ஒரே கயிறு இரண்டு கயிறாகத் தெரிந்து, பார்க்கும் மணியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்.

அந்த வெட்டும் இடம்தான் செய்தி. மணியிலேயே வெட்டினால் கண்கள் சரியாக அங்கே பார்க்கின்றன. மணிக்குப் பின்னால் வெட்டினால் கண்கள் போதுமான அளவு குவியவில்லை. முன்னால் வெட்டினால் அளவுக்கு மேல் குவிந்துவிட்டன. ஒரே ஒரு கயிறுதான் தெரிகிறது என்றால் ஒரு கண் ஒதுங்கிவிட்டது. கயிற்றை விரலால் லேசாகச் சுண்டி அதிரவிட்டால் பல சமயம் இரண்டாவது கயிறு திரும்பத் தோன்றும். ஒரு மணியில் ஐந்து விநாடி நிலைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவது, மறுபடி திரும்புவது. இது சுலபமானதும் முதல் மணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூக்குக்கு அருகே நகர்த்துங்கள்.

மூன்று பீப்பாய் அட்டை. நீளமான அட்டையின் ஒரு பக்கம் சிவப்பிலும் மறுபக்கம் பச்சையிலும், சிறிதிலிருந்து பெரிது வரை மூன்று பீப்பாய் படங்கள். சிறிய படம் மூக்குப் பக்கம் வருமாறு அட்டையை நிமிர்த்தி, அதன் விளிம்பை மூக்கில் வைத்தால் ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மறுகண்ணுக்குப் பச்சை. தூரத்துப் பெரிய பீப்பாயைப் பார்த்து இரண்டு நிறமும் கலந்த ஒரே படமாக்க வேண்டும், பிறகு நடுவில் உள்ளது, பிறகு மூக்கருகே உள்ள சிறியது. ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி. வீட்டிலேயே வரைந்துகொள்ளலாம்.

ஃபோகஸ் திறனும் குறைவாக இருந்தால் எழுத்து அட்டைப் பயிற்சி சேரும். பெரிய எழுத்து அட்டை சுவரில், அதே எழுத்துகள் சிறிதாகக் கையில். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு சுவரில் ஒரு வரி, கையில் ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் படிப்பது, பிறகு மறுகண். இருபக்கமும் வெவ்வேறு பவர் லென்ஸ் வைத்த ஃபிளிப்பரைக் கொடுத்தால் அந்தப் பவரைச் சிகிச்சையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் வாங்கி நீங்களாகத் தொடங்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மாறுகண் உள்ள பிள்ளைக்கு மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கியே பழகியிருக்கும். அதை எழுப்பும் பயிற்சியை நிபுணர் இல்லாமல் செய்தால், ஒதுக்கல் போய், கண்களும் சேராமல், தீராத இரட்டைப் பார்வை வந்துவிடும் ஆபத்து உண்டு. மணிக் கயிறு எளிய பொருள் என்பதால் யாருக்கும் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் படி: தினமும் நடக்க வைப்பது

உண்மையைச் சொன்னால், இந்தச் சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பயிற்சி சலிப்பானது. முதல் இரண்டு வாரம் கண் இழுப்பதுபோல இருக்கும், லேசான தலைவலியும் வரலாம். பள்ளி முடிந்து, வீட்டுப்பாடம் முடிந்து, தூக்கம் கண்ணைக் கட்டும் நேரத்தில் செய்யச் சொன்னால் சண்டைதான். காலையிலோ, விளையாடி வந்து சற்று இளைப்பாறிய பிறகோ வையுங்கள். 15 நிமிடம் போதும். விட்டுப்போன நாளுக்கு ஈடாக மறுநாள் அரை மணி நேரம் செய்வதில் பயன் இல்லை.

எவ்வளவு நேரம் செய்தது என்பதை விட எவ்வளவு அருகே வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். வாரம் ஒரு நாள் அளவுகோல் வைத்து, எழுத்து இரண்டாகும் இடத்தை அளந்து எழுதலாம். 14 சென்டிமீட்டர் 11 ஆவதைப் பிள்ளையே பார்க்கும்போது, நீங்கள் சொல்லும் எந்த உபதேசத்துக்கும் வராத ஆர்வம் வரும். தினமும் அளக்க வேண்டாம், ஏற்ற இறக்கம் பார்த்து மனம் சோர்ந்துவிடும்.

ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு "ஒன்றா, இரண்டா" என்பதே குழப்பம். இவர்கள் பதிலை நம்பிச் செய்யும் பயிற்சி சரிவராது. நல்ல ஆதாரமும் ஒன்பது வயதுக்கு மேல்தான் இருக்கிறது. சின்னக் குழந்தைக்குக் கண்ணாடி, மறைத்தல் போன்றவற்றை ஒழுங்காகச் செய்துவிட்டுப் பயிற்சிக்குக் காத்திருப்பதில் தவறில்லை.

இதற்கிடையில் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நீளமான பாடத்தைப் பகுதி பகுதியாகப் படிக்க விடுவது, பெரிய எழுத்துத் தாள், வரியைப் பிடிக்க ஓர் அளவுகோல், நடுவில் இரண்டு நிமிடம் தூரத்தைப் பார்க்க அனுமதி. இவ்வளவு போதும்.

எட்டாம் படி: மறுபடி அளந்து முடிவெடுப்பது

நான்காவது வாரத்தில் ஒரு முறை, பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு முறை, முதல் நாள் செய்த அதே சோதனைகள். குவிதல் இடம் 6 சென்டிமீட்டருக்குள் வந்து, இருப்புச் சக்தி 15 பிரிசம் டயாப்டரைத் தாண்டி, விலகலைப் போல இரண்டு மடங்கும் ஆகி, தொந்தரவு மதிப்பெண் 16-க்குக் கீழே போனால் சிகிச்சை பலித்துவிட்டது. எண்கள் மாறி, தொந்தரவு மட்டும் தீராமல் இருந்தால் கண்ணாடி பவர், வறண்ட கண், ஒற்றைத் தலைவலி என்று வேறு காரணம் தேட வேண்டும். எண்களே அசையவில்லை, பயிற்சியும் ஒழுங்காக நடந்தது என்றால் நோயைத் தவறாகக் கணித்திருக்கலாம். இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். அதே பயிற்சியை இன்னும் ஆறு மாதம் நீட்டச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

பயிற்சியால் ஆகாதவை

இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். டிஸ்லெக்சியா என்பது எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு உள்ள சிரமம். கண்ணில் வரும் நோய் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவச் சங்கங்களும் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட அறிக்கை, கற்றல் குறைபாட்டைக் கண் பயிற்சியோ வண்ணக் கண்ணாடியோ குணப்படுத்தும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொன்னது.

பிறகு, குவிதல் குறைபாட்டைச் சரிசெய்தால் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் உயருமா என்பதையே நேரடியாகச் சோதித்தார்கள். 9 முதல் 14 வயது வரை 311 பிள்ளைகள், 16 வாரம். முடிவுகள் 2019-ல் வந்தன. உண்மைப் பயிற்சி பெற்றவர்களின் குவிதல் அளவுகள் வெற்றுப் பயிற்சிக் குழுவை விட நன்றாக முன்னேறின. வாசித்துப் புரிந்துகொள்ளும் மதிப்பெண்ணில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. தொந்தரவு மதிப்பெண்கூட இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது.

இதை வைத்துப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எழுத்து இரண்டாகத் தெரியும் பிள்ளைக்கு அது ஒன்றாகத் தெரிவது தன்னளவிலேயே பெரிய விஷயம். ஆனால் மதிப்பெண் ஏறும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்காதீர்கள். வாசிப்பில் சிரமம் இருந்தால் அதற்கான மதிப்பீட்டையும் சிறப்பு ஆசிரியரின் உதவியையும் இதே மாதத்தில் ஏற்பாடு செய்யுங்கள். முதலில் கண், பிறகு படிப்பு என்று வரிசை வைத்தால் ஒரு கல்வியாண்டு போய்விடும். கவனச்சிதறலும் இப்படித்தான். குவிதல் குறைபாடு கவனக்குறைவு போலத் தோன்றலாம், இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கவும் செய்யலாம், ஒன்றின் சிகிச்சை மற்றதைத் தீர்க்காது. கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றவைக்கும் கண் பயிற்சி என்ற விளம்பரத்தைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். விழியின் நீளத்தால் வரும் குறையைத் தசைப் பயிற்சி குறைக்காது.

சரியான பிறகு

பயிற்சியை ஒரே நாளில் நிறுத்தாமல், வாரம் இரண்டு மூன்று நாள், பிறகு வாரம் ஒரு நாள் என்று குறைக்கச் சொல்வார்கள். 2008 ஆய்வில் குணமான பிள்ளைகளை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலோருக்கு முன்னேற்றம் அப்படியே நிலைத்திருந்தது. ஆனாலும் கண்ணாடி பவர் மாறும்போதோ, தலையில் அடிபட்ட பிறகோ, படிப்புச் சுமை திடீரென்று கூடும்போதோ பழைய தொந்தரவு எட்டிப்பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து ஒரு முறையும் ஒரு வருடம் கழித்து ஒரு முறையும் அளந்துகொள்ளுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் மணிக் கயிற்றை எடுத்து முதல் மணியைப் பார்க்கச் சொல்லுங்கள். கயிறுகள் மணியில் வெட்டாமல் அதற்குப் பின்னால் போய் வெட்டினால், முதல் பரிசோதனை அறிக்கையையும் கடைசி அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.